நேதாஜி: பகைவனின் துப்பாக்கி ஏந்திய படையின் தலைவர்

1942 ஏப்ரல் 9 ஆம் திகதி திருகோணமலையைத் தாக்கிய ஜப்பானிய விமானங்கள், மட்டக்களப்புக் கடலில் ஹேர்மஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலையும் மூழ்கடித்தன. முன்னூறுக்கும் அதிகமானோர் அதில் மாண்டனர். களுவாஞ்சிக்குடி, கல்முனை உள்ளிட்ட இக்கரையோர மக்களுக்கு உலகப்போர் வாசலுக்கே வந்த நாள் அது. அதே ஜப்பானின் துணையோடு இந்தியாவை விடுவிக்கப் புறப்பட்டவர் சுபாஷ் சந்திரபோஸ். அவரது வாழ்வை வீரக்கதையாகவே கேட்டுப் பழகிய நாம், அவரது படை எந்தத் துப்பாக்கியை ஏந்தியது, அதற்கான ரவை எங்கிருந்து வந்தது என்று அதிகம் கேட்பதில்லை.

1897 ஜனவரி 23 இல் கட்டாக்கில் பிறந்த அவர், இந்திய சிவில் சேவைக்குத் தெரிவாகியும் 1921 இல் அதனைத் துறந்தார். 1938 இலும் 1939 இலும் காங்கிரஸ் தலைவராகத் தெரிவானார். காந்தியடிகளுடன் ஏற்பட்ட முரண்பாட்டால் விலகிய அவர், 1941 ஜனவரியில் வீட்டுக் காவலிலிருந்து முஹம்மது ஸியாவுத்தீன் என்ற பெயரில் வேடமிட்டுத் தப்பி, காபூல் வழியாக பேர்லினை அடைந்தார். 1943 பெப்ரவரியில் ஜேர்மனிய நீர்மூழ்கியில் ஏறியபோது அவருடன் சென்ற ஒரே இந்தியத் தோழர் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஆபித் ஹசன் ஆவார்.

1943 ஜூலையில் சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை அவர் ஏற்றார். சரணடைந்த இந்தியச் சிப்பாய்களோடு, மலாயாத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளரும் பெருந்தொகையில் இணைந்தனர். பிரித்தானிய இந்தியப் படையில் மதவாரியாகப் பிரிந்திருந்த சமையற்கூடங்கள் இங்கே ஒன்றாயின. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்ற படையின் தாரக மந்திரம் உருதுச் சொற்களில் அமைந்தது. ரங்கூன் வணிகர் ஹபீப் தமது செல்வத்தையே இவ்வியக்கத்துக்கு அளித்தார்.

மனிதர் ஒன்றுபட்டனர், ஆயுதங்கள் ஒன்றுபடவில்லை. அப்படையினர் ஏந்தியவை பெரும்பாலும் பிரித்தானியர் விட்டுச்சென்ற லீ என்பீல்ட் றைபிள்களும் பிறென் துப்பாக்கிகளுமே. இவற்றின் ரவை 0.303 அங்குலம், அதாவது 7.7 மில்லிமீற்றர். ஜப்பானியத் தரைப்படையோ 6.5 மில்லிமீற்றர் றைபிளையும், புதிய 7.7 மில்லிமீற்றர் றைபிளையும் பயன்படுத்தியது. குண்டின் விட்டம் ஏறத்தாழ ஒன்றாயினும், பிரித்தானிய ரவையின் அடியில் புறந்தள்ளிய விளிம்பு உண்டு. ஜப்பானிய ரவைக்கு அது இல்லை, அதன் கோதும் சற்று நீளமானது. எனவே ஒன்றின் ரவை மற்றொன்றில் பொருந்தாது. ஜப்பானியக் கடற்படை சில இயந்திரத் துப்பாக்கிகளுக்குப் பிரித்தானிய வகை ரவையையே பயன்படுத்தியபோதும், காட்டுப் போர்முனையில் தரைப்படையின் வழங்கல் வழி வேறு. ஆகவே நேதாஜியின் படை கைப்பற்றப்பட்ட இருப்பையே நம்ப வேண்டியதாயிற்று. சுடச்சுடக் குறைந்து செல்லும் இருப்பு அது.

1944 மார்ச்சில் இம்பால் படையெடுப்பு தொடங்கியது. ஜப்பானியத் தளபதி முட்டகுச்சி, சில வாரங்களில் இம்பாலைப் பிடித்து எதிரியின் களஞ்சியத்திலிருந்தே உண்ணலாம் எனக் கணக்கிட்டார். இம்பால் வீழவில்லை. நேச நாடுகள் வான்வழியாகத் தமது படைக்கு உணவும் ரவையும் இறக்கின. மறுபுறம் மழை, மலேரியா, பசி. ஷா நவாஸ் கான் தலைமையில் சென்ற சுபாஷ் படையணி போரில் இழந்தவர்களிலும் நோயிலும் பட்டினியிலும் இழந்தவர்களே அதிகம்.

இதில் ஒரு வரலாற்றுப் பொருத்தமும் உண்டு. 1857 இல் என்பீல்ட் றைபிளின் தோட்டாவில் பசு, பன்றிக் கொழுப்புப் பூசப்பட்டதாகப் பரவிய செய்தியே இந்து, முஸ்லிம் சிப்பாய்களை ஒருசேரக் கிளர்ந்தெழச் செய்தது. அக்கிளர்ச்சியின் அடையாளமான பகதூர் ஷா ஸபர் ரங்கூனில் அடக்கம் செய்யப்பட்டார். 1943 இல் அந்தக் கல்லறையில் அஞ்சலி செலுத்தி நின்ற நேதாஜியின் வீரர்களும் என்பீல்டின் பெயர் தாங்கிய துப்பாக்கியையே ஏந்தினர்.

குறையையும் சொல்லியாக வேண்டும். சயாம் மரண ரயில் பாதையில் பல்லாயிரம் மலாயாத் தமிழ்த் தொழிலாளர் மடிந்தபோது, அதற்குப் பொறுப்பான ஜப்பானின் துணையிலேயே அவர் தங்கியிருந்தார். உணவும் ரவையும் பிறர் கையில் இருந்தால் குரலும் தாழ்ந்துவிடும் என்பதையே இது காட்டுகிறது.

1945 ஆகஸ்ட் 18 இல் தாய்வான் விமான விபத்தில் அவர் இறந்தார். அருகிலிருந்தவர் ஹபீபுர் ரஹ்மான். அவ்வாண்டு நவம்பரில் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் ஆகிய மூவரும், முஸ்லிமும் இந்துவும் சீக்கியருமாக, ஒரே குற்றவாளிக் கூண்டில் நின்றபோது நாடே அவர்கள் பின்னால் திரண்டது. போர்க்களத்தில் தோற்ற படை மக்கள் மனங்களை வென்றது அப்போதுதான்.

2009 வரை நீண்ட போரில் துப்பாக்கிகள் பல கைமாறிய மண் இது. அவை தமிழரையும் முஸ்லிம்களையும் அயலவர் என்ற நிலையிலிருந்து அந்நியராக்கிய நாட்களும் இருந்தன. நேதாஜியின் ஆயுதங்கள் துருப்பிடித்துப் போயின. ஒரே உலையில் சமைத்து ஒன்றாக உண்ட அவரது வீரர்களின் பழக்கமோ, வாவிக்கும் கடலுக்கும் இடையே அருகருகே வாழும் நமக்கு இன்றும் தேவையாக இருக்கிறது.