மஹாவிசுவாசத்தின் திருவுருவம்: மதுரகவியாழ்வார்

மணிமுத்தாற்றின் நீரையும் ஏற்றுக் கிழக்கே பாயும் பொருநையின் கரையில், நவதிருப்பதிகளுள் ஒன்றான திருக்கோளூரில், சித்திரைத் திங்கள் சித்திரை நாளில் அவதரித்தவர் மதுரகவியாழ்வார். அந்தணர், வேதசாஸ்திரங்களில் வல்லவர். எம்பெருமான் உளன் என்பதில் அவருக்கு ஐயமில்லை. ஆயினும் தம் பாரம் முழுவதையும் இறக்கிவைக்கும் இடத்தை அவர் அடைந்தது முதுமையிலேயாம்.

வடநாட்டு யாத்திரையில் அயோத்தியில் தங்கியிருந்தபோது தென்திசையில் பேரொளி ஒன்றைக் கண்டு, அதனையே பற்றித் திருக்குருகூர் வந்து சேர்ந்தார் என்று குருபரம்பரை கூறும். அங்கே புளியமரத்தடியில் யோகத்தில் வீற்றிருந்தார் நம்மாழ்வார். வயதில் இளையவர், வேளாளர் குலத்தவர். ஒரு வினாவுக்கு அவர் அருளிய விடையிலேயே தெளிவுற்று, கல்விச் செருக்கும் குலப் பெருமையும் நீங்கி, அவர் திருவடிகளையே தஞ்சமாகப் பற்றினார் மதுரகவிகள்.

பின்னர் அவர் பாடியதும் ஆசாரியனையே. 'கண்ணிநுண்சிறுத்தாம்பு' என்னும் 11 பாசுரங்களே அவர் அருளிச்செய்தவை. அவற்றை 12,000 உரு ஜபித்தே நாதமுனிகள் நாலாயிரத்தையும் மீளப் பெற்றார் என்பது ஸம்ப்ரதாயம்.

இறைவன் உளன் என்று கொள்வது ஆஸ்திக்யம். இவர் நம்மைக் கைவிடார் என்று தம்மையே ஒப்படைப்பது மஹாவிசுவாசம். சரணாகதிக்கு அங்கமாகப் பெரியோர் வைத்தது பின்னதனையே. அதனை வாழ்ந்து காட்டிய மதுரகவிகள் திருவடிகளே சரணம்.