நந்தனார் சரித்திரம் தந்த கோபாலகிருஷ்ண பாரதியார்

பழங்கதை ஒன்று தலைமுறை தலைமுறையாக வழங்கி வருங்கால் புதிய உறுப்புகளைப் பெறுதல் இயல்பே. தாம் புதிதாகச் சேர்த்த பகுதியையே மூலக்கதையென நாட்டார் கொள்ளுமாறு செய்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் இவர் பிறந்தார். இல்லறம் புகாது, முடிகொண்டான், ஆனந்ததாண்டவபுரம், மாயூரம் ஆகிய ஊர்களில் வாழ்ந்து, இசையையே செல்வமாகக் கொண்டார். திருவிடைமருதூரில் இந்துஸ்தானி இசையும் பயின்றார்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் வரலாறு சுருக்கமானது. ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த தொண்டர், கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் அளித்து வந்தார். திருப்புன்கூரில் நந்தி விலகக் கண்டார். தில்லையில் தீயுள் மூழ்கி இறைவனை அடைந்தார். அவரைத் தடுக்கும் பண்ணையார் எவரும் அந்நூலில் இல்லை.

காவிரி நாட்டு மிராசுதார்களையும் பண்ணையாட்களையும் அன்றாடம் கண்டு வாழ்ந்த பாரதியார், நந்தனாருக்கு வேதியர் ஒருவரை ஆண்டையாக வைத்தார். நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு முடித்தாலன்றிச் சிதம்பரம் செல்ல விடேன் என அவ்வேதியர் தடுப்பதும், ஓர் இரவில் இறையருளால் பயிர் விளைந்து நிற்பதும், அது கண்டு ஆண்டையே அடியாளை வணங்குவதும் பாரதியார் கதையில் வருவன. அடியார் வரலாறு இவ்வாறு அடிமைப்பட்ட உழவனின் துயரக் கதையாகவும் ஆயிற்று. கற்றாரும் கல்லாரும் கேட்டு உருகும் வண்ணம், கீர்த்தனைகளோடு நொண்டிச்சிந்து, இலாவணி முதலியவற்றையும் அவர் கையாண்டார்.

இம்மாற்றத்தைப் புலவர் உலகம் எளிதில் ஏற்கவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாரதியார் சிறப்புப்பாயிரம் வேண்டினார். இலக்கண வழுவும் பெரியபுராணத்தினின்று விலகிய கதைப்போக்கும் கண்ட பிள்ளையவர்கள் நாட்களைக் கடத்தினார். ஒருநாள் அவர் இல்லத் திண்ணையில் அமர்ந்து பாரதியார் தமக்குள் பாடிக்கொண்டிருந்தார். உள்ளிருந்து கேட்ட புலவரின் மனம் கரைந்தது, பாயிரம் பிறந்தது. காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி சீசையா என்பவரின் ஆதரவால் நூல் 1861-62இல் அச்சேறியது. பாரதியார் 1896இல் மறைந்தார்.

அதன்பின் ஊர்தோறும் கதாகாலட்சேபங்களில் வேதியர் வந்தார். கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த 1935ஆம் ஆண்டுத் திரைப்படத்திலும், எம். எம். தண்டபாணி தேசிகர் நடித்த 1942ஆம் ஆண்டுத் திரைப்படத்திலும் வந்தார். பெரியபுராணத்தில் அவர் இல்லை என்பதைப் பலர் அறியார்.

கதை அத்துடன் நின்றுவிடவுமில்லை. தலைநகர் தில்லியில் பல்லாண்டு பேராசிரியராக விளங்கிய இந்திரா பார்த்தசாரதி, தமது 'நந்தன் கதை' நாடகத்தில் அத்தீயை ஆதிக்கச் சாதியினரின் சூழ்ச்சியாகக் காட்டினார். சேக்கிழார் அருளைக் கண்ட இடத்தில் பாரதியார் ஆண்டையின் கொடுமையையும் சேர்த்துக் கண்டார். பின்வந்தவர் கொலையையே கண்டார். ஒவ்வொரு காலமும் தன் மனச்சான்றை உறுத்திய வினாவை அக்கதையினிடம் கேட்டிருக்கிறது.

தாயகம் விட்டு வந்து வாழும் நாம், பழையன சிறிதும் மாறலாகாது என அஞ்சுவதுண்டு. நம் சிறுவர் மேடையேறிப் பழங்கதைகளை நடிக்குங்கால், கதையோடு அது மாறிவந்த வரலாற்றையும் அவர்களுக்குச் சொல்வோமாக. யார் மாற்றினார், எவர் துயர் கண்டு மாற்றினார் என்பதை அறிந்த பிள்ளைகளிடத்து நம் மரபு உயிரோடு வாழும்.