டாக்டர் ஜாகிர் உசேன்: பெர்லின் சென்றதும் மீண்டதும்

மேற்படிப்பிற்காகக் கடல் கடந்து செல்ல விழையும் மாணவச் செல்வங்கள் நம் கல்லூரியில் ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். எந்த நாடு, எந்தப் பல்கலைக்கழகம், எவ்வளவு செலவு, படித்து முடித்தபின் அங்கேயே வேலை கிடைக்குமா என்னும் வினாக்களோடு அவர்கள் நம்மை நாடி வருகின்றனர். அவ்வினாக்களில் பிழையொன்றும் இல்லை. கடன் வாங்கிப் படிக்க வைக்கும் குடும்பத்தின் பிள்ளை அவற்றைக் கேளாதிருத்தல் இயலாது. எனினும், இவற்றுக்கெல்லாம் முன்பாக வேறொரு வினாவை எழுப்பிக்கொண்டு புறப்பட்ட ஒருவரின் வரலாற்றை இம்மலரில் சொல்ல விரும்புகின்றோம். நம் நாட்டின் மூன்றாவது குடியரசுத் தலைவராக விளங்கிய டாக்டர் ஜாகிர் உசேன் அவர்களே அப்பெருமகனார். இளையான்குடியில் அவர் பெயர் தாங்கிய கல்லூரியைத் தமிழகம் நன்கறியும். அவர் மாணவராக வாழ்ந்த பெர்லின் ஆண்டுகளை அறிந்தோர் சிலரே.

1897 பிப்ரவரி 8ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்த அவர், பத்து வயதில் தந்தையையும், பதினான்கு வயதில் கொள்ளைநோய்க்குத் தாயையும் இழந்தார். எட்டாவா இசுலாமிய உயர்நிலைப் பள்ளியில் பயின்றபின் மருத்துவராகும் எண்ணத்தோடு இலக்னோவில் அறிவியல் படிக்கச் சேர்ந்தார். நோய் குறுக்கிட்டு அக்கனவைக் கலைத்தது. அலிகர் வந்து கலைப்பாடங்களை மேற்கொண்டு 1918இல் பட்டம் பெற்றார்.

1920 அக்டோபரில் காந்தியடிகளும் அலி சகோதரர்களும் அலிகருக்கு வந்து, அரசின் உதவி பெறும் கல்விக்கூடங்களைத் துறக்குமாறு மாணவர்களை அழைத்தனர். முதுகலை மாணவராகவும் பகுதிநேர ஆசிரியராகவும் இருந்த ஜாகிர் உசேன் வெளியேறியோருள் ஒருவரானார். அம்மாதம் 29ஆம் நாள் ஜாமியா மில்லியா இஸ்லாமியா பிறந்தது. அதற்கு அரசின் பணமும் இல்லை, அரசின் ஏற்பும் இல்லை. இரண்டாண்டுகள் அங்குப் பணியாற்றியபின், 1922இல், மனைவியைத் தாயகத்தில் விட்டுவிட்டு அவர் செருமனிக்குப் பயணமானார்.

ஏன் செருமனி? இந்திய மாணவர் இங்கிலாந்து செல்வதே அக்காலத்து வழக்கம். ஆங்கில ஆட்சியோடு ஒத்துழைக்க மறுத்து வெளியேறியவர் இலண்டனின் வாயிலில் போய் நிற்பது எப்படிப் பொருந்தும்? முதல் உலகப் போரில் தோற்ற செருமனியில் அப்போது மார்க் நாணயம் நாள்தோறும் சரிந்து கொண்டிருந்ததையும் நாம் மறத்தலாகாது. 1923 நவம்பரில் ஓர் அமெரிக்க டாலருக்கு நான்கு இலட்சம் கோடி மார்க்குக்கும் மேல் கொடுக்க வேண்டியிருந்தது. அந்நாட்டு மக்களுக்கு அது பேரிடர். அயல்நாட்டுப் பணத்தோடு வந்த மாணவருக்கோ சிறு தொகையும் நெடுநாள் தாங்கும். அதே மாதம் புதிய நாணயம் வந்தபின் அந்நிலை மாறிற்று.

பொருளியலைத் தம் துறையாகக் கொண்டு, முதலாளித்துவத்தின் வரலாற்றை ஆராய்ந்து புகழ்பெற்ற வெர்னர் சோம்பார்ட்டிடம் அவர் ஆய்வு மேற்கொண்டார். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருளோ பிரித்தானிய இந்தியாவின் வேளாண் அமைப்பு! பெர்லினின் நூலகங்களில் அமர்ந்து அவர் தம் நாட்டு உழவனின் நிலவுரிமையை ஆராய்ந்தார். ஆய்வின் பொருள் தாயகத்தின் தேவையிலிருந்து எழுந்தது என்பதே இங்கு நாம் கருதத் தக்கது.

பட்டத்திற்குப் புறம்பாக அவர் கற்றவை இன்னும் சுவையானவை. செருமானியக் கல்வியாளர் கெர்சன்ஸ்டைனர், கைத்தொழில் வழியே குழந்தைகளுக்குக் கற்பிக்கும் பள்ளி முறையை வலியுறுத்தி வந்தார். அச்சிந்தனை ஜாகிர் உசேனின் உள்ளத்தில் வேரூன்றியது. 1937இல் வார்தாவில் காந்தியடிகளின் ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்த குழுவுக்கு அவர் தலைமை ஏற்றபோது அது பயன் தந்தது. பெர்லினில் இருந்த காவியானி அச்சகத்தில் காலிபின் உருதுக் கவிதைத் தொகுப்பை 1925இல் அழகிய பதிப்பாக வெளியிட்டார். அதற்காக எழுத்துக் கோக்கும் தொழிலையும் தாமே பழகினார். பொருளியல் ஆய்வாளர் ஒருவர் அச்சகத்தில் நின்று தாய்மொழிக் கவிஞனுக்கு எழுத்துக் கோத்ததை எண்ணும்போது, மொழித்துறையைச் சார்ந்த நமக்குச் சற்றே பொறாமையும் தோன்றுகின்றது.

இந்நிலையில் தாயகத்திலிருந்து கவலை தரும் செய்தி வந்தது. கிலாபத் இயக்கம் ஓய்ந்து நன்கொடைகள் வற்றியதால் ஜாமியாவை மூடிவிடலாம் என்ற பேச்சு எழுந்திருந்தது. எந்த நிறுவனத்திற்காகக் கற்கச் சென்றாரோ, அது அவர் திரும்புமுன் மறைந்துவிடும் நிலை! அவர் ஹகீம் அஜ்மல் கான் அவர்களுக்குத் தந்தி அனுப்பினார். தாமும் தோழர்களும் ஜாமியாவுக்கே வாழ்வை ஒப்படைக்க இருப்பதாகவும், தாங்கள் வரும்வரை அதை மூடலாகாதென்றும் வேண்டினார். ஹகீம் சாகிபும் காந்தியடிகளும் தந்த ஊக்கத்தால் 1925இல் ஜாமியா அலிகரிலிருந்து தில்லியின் கரோல்பாக் பகுதிக்கு இடம் பெயர்ந்து உயிர் பிழைத்தது.

1926 பிப்ரவரியில் மூவரும் மீண்டனர். ஜாகிர் உசேன் பொருளியலிலும், ஆபித் உசேன் கல்வித்துறையிலும் முனைவர்கள். முகம்மது முஜீப் ஆக்ஸ்போர்டில் வரலாறு பயின்று, செருமனியில் அச்சுத் தொழிலும் கற்றவர். இருபத்தொன்பது வயதில் ஜாகிர் உசேன் ஜாமியாவின் துணைவேந்தரானார். தோழர்களுக்கு முந்நூறு ரூபாயும் அவருக்கு நூறு ரூபாயும் சம்பளம் என முடிவாகியிருந்தது. நிறுவனத்தின் வறுமையைக் கண்ட தோழர்கள் தம் ஊதியத்தை நூறாக்கிக் கொண்டனர். அவரோ எண்பதாக்கிக் கொண்டார். 1927 இறுதியில் அஜ்மல் கான் மறைந்தபோது மீண்டும் இருள் சூழ்ந்தது. நூற்றைம்பது ரூபாய்க்கு மேல் பெறாமல் இருபதாண்டுகள் பணி செய்வதாகப் பதினொரு ஆசிரியர்கள் 1928இல் உறுதி பூண்டனர்.

இதைக் கூறி, அயல்நாட்டிலேயே தங்கிவிடுவோரைப் பழிப்பது நம் நோக்கமன்று. அவர்கள் அனுப்பும் பணத்தால் எழுந்த பள்ளிகள் நம் ஊர்களில் உண்டு. மேலும், எண்பது ரூபாயில் இல்லறம் நடத்திய ஷாஜஹான் பேகம் அம்மையாரின் பங்கை எந்த வரலாற்றாசிரியரும் உரிய அளவில் எழுதவில்லை என்பது நம் கருத்து.

1948 வரை அவர் ஜாமியாவிலேயே இருந்தார். பின்னர் அலிகர் துணைவேந்தர், பீகார் ஆளுநர், குடியரசுத் துணைத்தலைவர் ஆகிய பதவிகளை வகித்து, 1967இல் குடியரசுத் தலைவரானார். பெர்லினில் அவருக்கு நட்பான கெர்டா பிலிப்ஸ்போர்ன் என்னும் யூதப் பெண்மணி 1933இல் தில்லி வந்து, ஜாமியாவின் சிறு குழந்தைகளுக்கு ஆசிரியையாகவும் அக்காவாகவும் வாழ்ந்து, 1943இல் அங்கேயே மறைந்தார். அவருடைய அடக்கத்தலம் ஜாமியாவில் உள்ளது. 1969 மே 3ஆம் நாள் பதவியில் இருக்கும்போதே காலமான ஜாகிர் உசேன் அவர்களும் அந்த ஜாமியா வளாகத்திலேயே நல்லடக்கம் செய்யப்பட்டார்.