தொட்டியில் அடங்கிய கடல்

கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாட்களில், சோழகக் காற்று வீசும் மாலைகளில் காலிமுகத்திடலில் நின்று துறைமுகத்தின் அலைதடுப்பைப் பார்த்திருப்பது என் வழக்கமாக இருந்தது. 1875 ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டி, பத்தாண்டுக் காலம் பாடுபட்டு எழுப்பிய அச்சுவரில் மோதி, மலைபோல் வந்த அலை திவலையாய்ச் சிதறும். கடலை மறிக்க வேண்டுமாயின் அதன் அடித்தளத்திலிருந்தே கல்லடுக்கி வரவேண்டும் என்பதே அக்காட்சி எனக்குப் புகட்டிய பாடம். அப்பாடம் முழுமையானதன்று என்று பின்னர் உணர்த்தியவர், நான் ஒருபோதும் கண்டிராத ஓர் அறிஞர். அவரே பேராசிரியர் ஜே. டி. பேர்னல்.

1901 ஆம் ஆண்டில், அயர்லாந்தின் நீனா என்னும் ஊரை அடுத்து வாழ்ந்த கமக்காரக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் பயின்ற காலத்திலேயே, எதைக் கேட்டாலும் விடை வைத்திருப்பவர் என்பதால், நண்பர்கள் அவரை ஞானி என்றே அழைக்கத் தொடங்கினர். வில்லியம் பிராக்கிடம் பயிற்சி பெற்று, 1924 ஆம் ஆண்டில் பென்சிற்கரியின் அணு அமைப்பை எக்ஸ்-கதிர் கொண்டு விளக்கினார். 1934 ஆம் ஆண்டில் டொறதி குறோபுட் அம்மையாருடன் சேர்ந்து, புரதப் பளிங்கின் தெளிவான எக்ஸ்-கதிர்ப் படத்தை முதன்முதலாக எடுத்தார். அதற்கு முன்னர் முயன்றோர் பளிங்கை உலரவிட்டுத் தோற்றிருந்தனர். பேர்னலோ அதனைத் தான் விளைந்த நீரிலேயே வைத்துப் படம்பிடித்தார். ஒரு பொருளை அதன் இயல்பான சூழலிலிருந்து பிரித்தால் அதன் உண்மையும் கலைந்துவிடும் என்பதை அன்று அவர் கண்டுகொண்டார். பின்னாளில் அந்த அம்மையாரும், அவரது மாணவரான மாக்ஸ் பெருற்சும் நோபல் பரிசு பெற்றனர். வழிகாட்டிய பேர்னலுக்கு அப்பரிசு கிட்டவில்லை. அதற்காக அவர் வருந்தியதாகவும் நான் அறியேன்.

1938 ஆம் ஆண்டில் இலண்டன் பேர்க்பெக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியரானார். பகலெல்லாம் உழைத்து, மாலையில் கற்க வருவோருக்கெனத் தோன்றிய கல்லூரி அது. விஞ்ஞானம் சமுதாயத்துக்குத் தொண்டு செய்யவேண்டும் என்று அடுத்த ஆண்டில் நூலெழுதியவருக்கு அதனினும் பொருத்தமான இடம் வேறில்லை.

உலக யுத்தம் அவரை ஆய்வுகூடத்திலிருந்து கடற்கரைக்கு இழுத்துச் சென்றது. மவுண்ட்பேட்டன் பிரபுவின் கூட்டுப் படைத் தலைமையகத்தில் 1942 ஆம் ஆண்டில் அவர் ஆலோசகரானார். அந்தப் பிரபுவே 1944 ஆம் ஆண்டில் பேராதனைப் பூந்தோட்டத்தில் தமது தென்கிழக்காசியத் தலைமையகத்தை அமைத்தார் என்பதை நம்மவர் அறிவர். ஐரோப்பாவில் அப்போது எழுந்த வினா இதுதான்: பகைவன் காத்துநிற்கும் துறைமுகமொன்றைக் கைப்பற்றாமல், இலட்சக்கணக்கான வீரருக்கு வேண்டிய உணவையும் தளவாடத்தையும் கரையேற்றுவது எங்ஙனம்? துறைமுகத்தைத் தாக்கினால் எத்தகைய இழப்பு நேரும் என்பதை 1942 ஆகஸ்டில் டியப் நகரத் தோல்வி காட்டியிருந்தது. ஆகவே துறைமுகத்தையே மிதக்கவிட்டு இழுத்துச் செல்வது என்று துணிந்தனர். மிதவைகளிலிருந்து எஃகு வலையைத் தொங்கவிட்டு, நீர்மூழ்கிகள் துறைமுகத்தினுள் நுழையாது தடுக்கும் முறை அன்றே வழக்கில் இருந்தது. ஆனால் வலைக்கு அலை அடங்குமா?

றொபேட் லொக்னர் என்னும் கடற்படை அதிகாரி, காற்றடைத்த இறப்பர் மெத்தையொன்றைக் குளத்தில் மிதக்கவிட்டு, அதன் மறுபுறத்தில் சிற்றலைகள் தணிவதைக் கண்டார். அலையின் ஆற்றல் பெரும்பாலும் நீரின் மேற்பரப்பை ஒட்டியே செல்கின்றது. ஆழம் செல்லச் செல்ல நீரின் அசைவு குன்றுகின்றது. ஆதலால் தடுப்பொன்று கடலின் அடிவரை நீள வேண்டியதில்லை. போதிய ஆழத்துக்கு இறங்கி, அலையோடு தானும் ஆடாமல் நின்றால் போதும்.

இக்கருத்து லொக்னருடையது, ஆயினும் தளபதிகளின் உள்ளத்தில் அதனைப் பதித்தவர் பேர்னல். 1943 ஆகஸ்டில் குயீன் மேரி என்னும் கப்பலில் அவர்கள் கியூபெக் மாநாட்டுக்குச் சென்றுகொண்டிருந்தனர். கப்பலின் குளியலறையொன்றில் உயர் அதிகாரிகள் நெருக்கியடித்து நின்றனர். தொட்டியில் நீர் நிரப்பிக் கடதாசிக் கப்பல்களை மிதக்கவிட்டார் பேர்னல். அதிகாரி ஒருவர் முதுகு தேய்க்கும் தூரிகையால் அலை எழுப்ப, கப்பல்கள் கவிழ்ந்தன. பிறகு, காற்றடைத்த உயிர்காப்புக் கச்சையொன்றைக் குறுக்கே மிதக்கவிட்டு, மீண்டும் அலை எழுப்பச் செய்தார். இம்முறை கப்பல்கள் கவிழவில்லை. பெருங்கடலின் நடுவே, தொட்டியில் அடங்கிய சிறுகடல் அந்தப் பெரியவர்களுக்குப் பாடம் சொன்னது.

1944 ஜூனில், ஏறத்தாழ 200 அடி நீளமான எஃகு மிதவைகள் நோர்மண்டிக் கரைக்கு அப்பால் வரிசையாக நங்கூரமிடப்பட்டன. அவற்றுக்கும் கரைக்கும் இடையே கொங்கிறீற்றுப் பெட்டகங்களும், வேண்டுமென்றே அமிழ்த்திய பழைய கப்பல்களும் இருந்தன. சிலநாள் மிதவைகள் தம் கடமையைச் செவ்வனே செய்தன. ஜூன் 19 ஆம் நாள் புயல் எழுந்தது. நான்கு நாட்கள் ஓயவில்லை. மிதவைகள் எத்தகைய அலைகளுக்கென்று அமைக்கப்பட்டனவோ, அவற்றினும் உயர்ந்தும் நீண்டும் அலைகள் வந்தன. நீண்ட அலையின் அசைவு ஆழத்திலும் செல்லும். மிதவையையும் தன்னோடு ஆட்டும். சங்கிலிகள் அறுந்தன. காக்க வந்த மிதவைகளே கட்டவிழ்ந்து, காக்கப்பட்டவற்றின்மீது மோதின. அமெரிக்கர் அமைத்த துறைமுகம் அழிந்தது. அறோமாஞ்சில் பிரித்தானியர் அமைத்தது, கொங்கிறீற்றுப் பெட்டகங்களின் துணையால், பல மாதங்கள் பயன்பட்டது.

இளமையில் இக்கதையைப் படித்தபோது, தொட்டிப் பரிசோதனை பொய்யாயிற்றே என்று வருந்தினேன். இன்று அவ்வாறு எண்ணுவதில்லை. தொட்டி பொய் சொல்லவில்லை. தனக்குக் காட்டப்பட்ட அலையைப் பற்றி மட்டுமே அது பேசியது. காட்டப்படாத அலைக்கும் அவ்விடை பொருந்தும் என்று எண்ணுவது நம் பிழை.

அவரது வாழ்வின் மற்றொரு பகுதியையும் நான் இவ்வாறுதான் விளங்கிக்கொள்கின்றேன். பேர்னல் உறுதியான பொதுவுடைமைவாதி. சோவியத் நாட்டைத் தம் கனவின் மெய்யுருவாகவே கண்டார். அங்கே லைசென்கோவின் பிழையான உயிரியல் அரசின் துணையோடு அரியணை ஏறி, நேர்மையான பரம்பரையியல் அறிஞர் ஒடுக்கப்பட்டபோதும், அவர் லைசென்கோவுக்காக வாதாடினார். 1949 ஆம் ஆண்டில் பிரித்தானிய விஞ்ஞானச் சங்கத்தின் ஆட்சிக்குழுவிலிருந்து நீக்கப்பட்டார். புரதத்தை அதன் நீரோடு வைத்துப் பார்த்த கண், ஒரு தேசத்தை அதன் மக்களின் துயரோடு வைத்துப் பார்க்கத் தவறியது. அவரை நேசிக்கும் எனக்கு இதை எழுதக் கை கூசுகின்றது; எனினும் மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. ஆய்வுகூடத்தின் கதவை எல்லாருக்கும் திறந்துவைத்தவரும் அவரே. 1953 இல் றொசலிண்ட் பிராங்ளின் அம்மையார் பேர்க்பெக்கில் வந்து பணியாற்றியது அவரது ஆதரவில்தான்.

இறுதிக் காலத்தில், உருண்டைகளைத் தாறுமாறாக அடுக்கித் திரவங்களின் அமைப்பை விளக்க முயன்றார். மீண்டும் ஒரு சிறு மாதிரி. மீண்டும் நீரின் மருமம். 1963 இல் பக்கவாதம் தாக்கியது. 1971 செப்டெம்பரில் மறைந்தார்.

நான் ஓய்வுபெறும்வரை, ஆண்டுதோறும் வகுப்பறையில் ஒரு தட்டில் நீர் நிரப்பிக் கடதாசிக் கப்பல்களை மிதக்கவிடுவேன். பிள்ளைகள் கைகொட்டி மகிழ்வர். மகிழ்ச்சி அடங்கிய பின்னர், தட்டைச் சற்று வேகமாக ஆட்டச் சொல்வேன். தடுப்பும் கப்பலும் ஒருங்கே புரளும். பேர்னலின் கதையை நான் சொல்லத் தொடங்குவது அதன் பிறகுதான்.