கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் வந்தது எப்படி? யார் இந்த இயான் டொனால்ட்?

போடி ஏலத்தோட்டத்துல வேலை பார்க்கும் பெண்ணாக இருந்தாலும், கர்ப்பமானால் 18 முதல் 20 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் அவசியம். குழந்தையின் மூளை, முதுகுத்தண்டு, இதயத்தில் குறை இருக்கான்னு அதில்தான் பார்ப்பார்கள்.

இதற்கு வழி போட்டவர் இயான் டொனால்ட். 1910-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். போர்க்காலத்தில் விமானப்படை மருத்துவர். கிளாஸ்கோவில் மகப்பேறு பேராசிரியரான பிறகு, 1955-ல் ஆபரேஷனில் அகற்றிய கட்டிகளை காரில் ஏற்றி, பாய்லர் தொழிற்சாலைக்கே கொண்டுபோனார். உலோகத்தில் விரிசல் தேடும் ஒலி அலைக் கருவி, சதைக் கட்டி எது, நீர்க்கட்டி எதுன்னு பிரித்துக் காட்டியது. இன்ஜினியர் டாம் பிரவுன் துணையோடு கருவி மேம்பட, 1958-ல் லான்செட் இதழில் ஆய்வு வெளியானது.

டொனால்ட் கருக்கலைப்பைக் கடுமையாக எதிர்த்தவர். 1987-ல் மறைந்தார். ஆனால் இந்தியாவில் அதே ஸ்கேன், பெண் சிசுவைக் கண்டுபிடித்துக் கலைக்கவும் பயன்பட்டது. அதனால்தான் 1994-ல் தடைச் சட்டம் வந்தது. குறையைக் கேட்கலாம், ஆணா பெண்ணான்னு கேட்பது குற்றம்.