கொடுமுடி கோகிலம் கே. பி. சுந்தராம்பாள்

தெற்கு நோக்கி ஓடிவரும் காவிரி கிழக்கே திரும்பும் இடத்தில் அமைந்த ஊர் கொடுமுடி. அன்று கோவை மாவட்டத்தில் அடங்கியிருந்த அவ்வூரில், 1908ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், பாலாம்பாள் என்னும் ஏழைத் தாய்க்கு ஒரு பெண்மகவு பிறந்தது. தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாகச் சூடுவது நம் நாட்டு வழக்கம். இக்குழந்தையோ ஊரையும் தாயையுமே தன் தலைப்பெழுத்துகளாகக் கொண்டது. கே என்பது கொடுமுடி. பி என்பது பாலாம்பாள். தந்தையை இளமையிலேயே இழந்த அக்குடும்பத்தில், அந்த இரண்டு எழுத்துகளைத் தவிர மகளுக்கென்று வைத்துச் செல்ல வேறு செல்வம் இருக்கவில்லை.

இயல், இசை, நாடகம் என முத்தமிழ் பேசும் நாம், வகுப்பறையில் இயற்றமிழை மட்டுமே பயின்று தேர்வெழுதி வெளியேறுகிறோம். ஏனைய இரண்டையும் காத்தவர்கள் பெரும்பாலும் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர்கள். அவர்களுள் ஒருவரின் வரலாற்றைத் தமிழ்த்துறை மலர் ஒன்றில் எழுதுவது கடனைத் திருப்பிச் செலுத்துவது போன்றது என்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

வறுமை அச்சிறுமியைப் புகைவண்டிக்கு அனுப்பியது. வண்டிப் பெட்டிகளில் பாடி, பயணிகள் இடும் காசைத் தாயிடம் சேர்ப்பது அவள் வேலையாயிற்று. ஏறத்தாழ அதே காலப்பகுதியில், கடல்கடந்த அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், சட்டனூகா நகரத் தெருக்களில் தமையனுடன் பாடிக் காசு சேர்த்து வளர்ந்திருந்தாள் பெஸ்ஸி ஸ்மித் என்னும் கறுப்பினப் பெண். கூடார மேடைகளில் ஒலிபெருக்கியின்றிப் பாடிய அவர், 1923இல் இசைத்தட்டில் பதிவாகி, ‘புளூஸ்’ என்னும் துயர இசையின் பேரரசி எனப் போற்றப்பட்டார். பின்னாளில் தோன்றிய ‘ரிதம் அண்டு புளூஸ்’ இசைக்கு மூலவர்களுள் ஒருவராக மதிக்கப்பட்டார். இருவரும் ஒருவரையொருவர் அறிந்தவர் அல்லர். ஆயினும் பசித்த வயிறு பாட்டைத் தொழிலாக்குவது எந்நாட்டிலும் ஒரே வகையில்தான் நிகழ்கிறது போலும்.

வண்டியில் ஒலித்த அக்குரலைக் கேட்டு வியந்த நடேச ஐயர் என்பவர், சிறுமியை நாடக உலகிற்கு அறிமுகம் செய்தார் என்பர். வேலு நாயர் நாடகக் குழுவில் ‘நல்லதங்காள்’ நாடகம். பசியால் வாடும் மூத்த மகன் வேடம் சுந்தராம்பாளுக்கு. பசியைப் பற்றிப் பாட அவளுக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. அவையோர் உருகினர். சிறுவர் வேடங்களில் தொடங்கிய அவ்வாழ்க்கை சில ஆண்டுகளில் கதாநாயகி வேடங்களை எட்டியது.

அந்நாளைய நாடக மேடையை இன்றைய மாணவர் கற்பனை செய்வது கடினம். சங்கரதாஸ் சுவாமிகள் போன்றோர் வகுத்தளித்த நாடகங்களை, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த நடிகர்கள் ஓர் இரவுக்காக ஒன்றுகூடி நடிப்பர். அதற்கு ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று பெயர். ஒலிபெருக்கி கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசையில் மண்தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். ஆர்மோனியத்தையும் மிருதங்கத்தையும் மீறிக் குரல் எழ வேண்டும். உச்ச ஸ்தாயியில் பாடிக்கொண்டே ஒரு சொல்லைக்கூடச் சிதைக்காமல் உச்சரிக்கும் ஆற்றல் அங்கே விளைந்ததுதான். நம் காடாம்புலியூர், பண்ணுருட்டிப் பகுதிகளில் விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்த பெரியவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நாகூர் அனிபாவின் குரலில் வளர்ந்தோருக்கும் அத்தகைய கம்பீரம் புதியதன்று.

1926ஆம் ஆண்டு நாடகத்தின் பொருட்டுக் கொழும்பு சென்றிருந்தபோதுதான் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார். கிட்டப்பா அப்போதே மேடையின் முடிசூடா மன்னர். அவருக்கு ஈடுகொடுத்து எவராலும் பாட முடியாது என்று அஞ்சிய காலம் அது. சுந்தராம்பாள் ஈடுகொடுத்தார். ‘வள்ளி திருமணம்’ போன்ற நாடகங்களில் இருவரும் போட்டியிட்டுப் பாட, ஊர்கள் திரண்டன. 1927இல் மாயவரத்தில் இருவரும் மணம் புரிந்துகொண்டனர்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று பேச வேண்டும். இவ்விருவரின் வாழ்வைக் காவியக் காதலாக மட்டும் தீட்டுவோர் பலர். கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். அவர் அந்தணர், சுந்தராம்பாள் அவ்வகுப்பினர் அல்லர், அதற்கும் மேலாக அவர் நாடகக்காரி. அந்த ஒரு சொல்லுக்கு அன்றைய சமூகம் வைத்திருந்த பொருளை நாம் அறிவோம். ஐயமும் ஊர்ப்பேச்சும் இடையில் புகுந்தன, பிரிவு நேர்ந்தது. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. கணவருக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சேறியுள்ளன. அவற்றில் உள்ளவை வெறும் அன்பு மொழிகள் அல்ல. தன் உரிமையைக் கேட்கும் வழக்கும், கைவிடப்பட்டவளின் சினமும், அவற்றுக்கு அடியில் விலகாத பாசமும் கலந்தே கிடக்கின்றன. மேடையில் ஆயிரம் பேரை வென்ற குரல், வீட்டில் ஒருவரிடம் தோற்றது.

1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா காலமானார். வயது 27. சுந்தராம்பாளுக்கு 25. அன்று அணிகலன்களைக் களைந்து வெள்ளைக் கதராடை உடுத்தியவர், ஆண் நடிகருக்கு இணையாக இனி நடிப்பதில்லை என்று உறுதிபூண்டு கொடுமுடியில் ஒதுங்கினார். கைம்மை என்பது அந்நாளில் பெண்மீது சுமத்தப்பட்டதே. ஆனால் அவர் அதனைத் தாமே எடுத்துக்கொண்டு ஓர் அரணாக மாற்றினார் என்றே நமக்குத் தோன்றுகிறது. நாடகக்காரி என்று இழித்துப் பேசிய அதே வாய்கள் அந்த வெள்ளாடையின் முன் அடங்கின.

அவரை மீண்டும் வெளியே கொணர்ந்ததில் விடுதலை இயக்கத்திற்குப் பெரும் பங்குண்டு. முன்னரே அவர் காங்கிரசின் குரல்தான். பண்டித மோதிலால் நேரு 1931இல் மறைந்தபோது அவர் பாடிய இரங்கற் பாட்டு இசைத்தட்டாகிப் பலர் கண்களைக் கலங்கச் செய்தது. சத்தியமூர்த்தி பேசும் மேடையில் சுந்தராம்பாள் முதலில் பாடுவார். பாட்டுக்கு வந்த கூட்டம் பேச்சுக்கும் இருந்துவிடும். எழுத்தறியாத மக்களிடம் அரசியலைக் கொண்டுசேர்த்த அப்பணியை வரலாற்று நூல்கள் சில வரிகளில் முடித்துவிடுவது நமக்கு உடன்பாடன்று.

திரைப்படம் அவரைத் தேடி வந்தது. ‘நந்தனார்’ கதையில் நடிக்க அழைத்த தயாரிப்பாளரைத் தட்டிக்கழிக்கும் எண்ணத்துடன் 1 இலட்சம் ரூபாய் கேட்டாராம். அசன்தாஸ் இசைந்துவிட்டார். இந்தியத் திரையுலகில் எவரும் அதுவரை பெற்றிராத ஊதியம் அது என்பர். 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனா’ரில் அவர் ஏற்றது நந்தனார் என்னும் ஆண் வேடம், ஆணுடன் இணைந்து நடிப்பதில்லை என்ற உறுதிக்குப் பங்கமில்லை. வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். படம் என்ற அளவில் அது கடுமையாக விமரிசிக்கப்பட்டது. கல்கி எள்ளி நகையாடினார். நடிப்பைப் பற்றி அவர் சொன்னதில் நியாயம் இருந்திருக்கலாம். தீண்டாமைக்கு ஆளான ஓர் அடியாரின் ஏக்கத்தை ஒரு பெண்ணின் குரலில் தமிழகம் கேட்டது என்பதும் உண்மை.

‘மணிமேகலை’ 1940இல் வந்தது. 1951இல் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினரானார். இந்தியத் திரைக்கலைஞருள் சட்டமன்றத்திற்குள் நுழைந்த முதல்வர் எனப் போற்றப்பட்டார். புகைவண்டியில் கையேந்திய சிறுமி அமர்ந்த இடம் அது. 1953இல் ஜெமினியின் ‘ஔவையார்’. வாசனின் பொருட்செலவும் கொத்தமங்கலம் சுப்புவின் இயக்கமும் ஒருபுறம் இருக்க, அப்படத்தைத் தாங்கியது சுந்தராம்பாளின் தோற்றமும் குரலுமே. அதன்பின் ஔவை என்றதும் தமிழர் மனத்தில் எழும் முகம் அவருடையதாகிவிட்டது. மூதுரையையும் நல்வழியையும் மனப்பாடம் செய்யும் நம் பிள்ளைகள்கூட அறியாமலே அந்த முகத்தைத்தான் நினைக்கிறார்கள்.

1964இல் கலைஞர் மு. கருணாநிதியின் எழுத்தில் உருவான ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகளானார். எழுதியவர் பகுத்தறிவு இயக்கத்தவர். பாட வந்தவர் நெற்றி நிறைய நீறணிந்தவர். தெய்வத்தைக் கேள்விக்குள்ளாக்கும் ஓர் அடியைப் பாட அவர் மனம் ஒப்பவில்லை என்றும், அவர் பொருட்டு அது மாற்றப்பட்டதென்றும் கூறுவர். தம் கொள்கையை அவர் விடவில்லை. அவர் கொள்கையை இவர் மதித்தார். கருத்து வேறுபட்டோர் ஒரே பணியில் கைகோத்த அந்நிகழ்ச்சி இருவருக்கும் பெருமை சேர்ப்பது.

1965இல் ‘திருவிளையாடல்’ வந்தது, மீண்டும் ஔவை. 1966இல் தமிழ் இசைச் சங்கத்தின் இசைப்பேரறிஞர் விருது. 1969இல் ‘துணைவன்’ படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது. 61 வயதை நெருங்கிய ஒருவர், தம்மினும் மிக இளைய பாடகியர் நிறைந்திருந்த காலத்தில் இதனைப் பெற்றார். 1970இல் பத்மஸ்ரீ. 1973இல் ‘காரைக்கால் அம்மையார்’.

நந்தனார், மணிமேகலை, ஔவையார், கவுந்தியடிகள், காரைக்கால் அம்மையார். நாம் நூல்களில் தேடும் இப்பெயர்களுக்கெல்லாம், பள்ளியில் நெடுநாள் பயிலாத ஒரு பெண்மணி குரல் கொடுத்திருக்கிறார்.

1980ஆம் ஆண்டு அவர் மறைந்தார். கிட்டப்பாவின் மறைவன்று உடுத்திய வெள்ளாடையை அதற்குள் ஏறத்தாழ 47 ஆண்டுகள் அணிந்திருந்தார். இணைந்து வாழ்ந்த காலமோ ஆறு ஆண்டுகளை எட்டவில்லை.