விரல்களால் கண்டு கற்ற ஹெலன் கெல்லர்

சின்னஞ்சிறு குழந்தை எதையும் பார்த்துத்தான் பழகுகிறது. அம்மா கூட்டினால் அதுவும் துடைப்பத்தை இழுக்கிறது. நம் வீட்டுத் தங்கையர் பொம்மைகளுக்குப் பாடம் நடத்துகையில், தங்கள் ஆசிரியையின் குரலிலேயே அவற்றை அதட்டுவதைக் கேட்டு நாம் சிரித்ததில்லையா? ஆனால் கண்ணும் தெரியாமல், காதும் கேளாமல் வளரும் குழந்தை யாரைப் பார்த்து எதைக் கற்கும்? இக்கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்தவர் ஹெலன் கெல்லர் அம்மையார்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கம்பியா என்னும் ஊரில், 1880-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் ஹெலன் பிறந்தார். 19-ஆம் மாதத்தில் கண்ட கொடிய நோய் பார்வையையும் செவிப்புலனையும் பறித்துக்கொண்டது. பிறரைப் போலச் செய்யும் ஆசையை மட்டும் அதனால் பறிக்க இயலவில்லை. தந்தையார் ஒரு தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அறிந்த சிறுமி, தானும் அவ்வாறே பிடித்தாள். அப்பொழுதாவது மர்மம் விளங்குமோ என்று அவருடைய மூக்குக்கண்ணாடியையும் மாட்டிக்கொண்டாள்! விருந்தினர் வந்த ஒரு நாள், மற்றவர்கள் செய்வதுபோலவே நிலைக்கண்ணாடி முன் நின்று, தலையில் எண்ணெய் தடவி, முகமெல்லாம் பவுடர் அப்பிக்கொண்டு அவர்களை உபசரிக்கப் போனாளாம். அக்காட்சியை எண்ணினால் நமக்குச் சிரிப்பும் வருகிறது, நெஞ்சும் கனக்கிறது.

பேச்சு மட்டும் பிடிபடவில்லை. பேசுவோர் இருவர் நடுவே நின்று அவர்கள் உதடுகளைத் தொட்டுப் பார்ப்பாள். தன் உதடுகளையும் அசைப்பாள். ஒரு பயனும் விளையாது. கோபம் மூண்டு, களைத்துப் போகும்வரை உதைத்துக் கதறுவாள்.

1887 மார்ச் 3-ஆம் நாள் ஆனி சல்லிவன் என்னும் 20 வயது ஆசிரியை அவ்வீட்டுக்கு வந்தார். அவரும் ஒரு காலத்தில் பார்வை இழந்திருந்தவரே. ஹெலனுக்கு ஒரு பொம்மையைக் கொடுத்து, அதன் ஆங்கிலப் பெயரை விரல் எழுத்துகளால் அவள் உள்ளங்கையில் எழுதினார். சிறுமிக்கு விளையாட்டாக இருந்தது. உடனே கற்றுக்கொண்டு, தாயிடம் ஓடி அதேபோல் செய்து காட்டினாள். ஆனால் அது ஒரு சொல் என்றோ, சொற்கள் என்று உலகில் உண்டென்றோ அவளுக்குத் தெரியாது. பொருள் அறியாமல் குரங்குபோல் செய்ததாகவே பின்னாளில் அம்மையார் எழுதினார். (புரியாத பாடத்தைத் தேர்வுக்காக ஒப்பிப்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே என்பது எங்கள் வகுப்பினரின் கருத்து.)

ஏப்ரல் 5-ஆம் நாள் அடிகுழாயின் நீர் ஒரு கையில் கொட்ட, மறு கையில் ஆசிரியை தண்ணீர் என்பதன் ஆங்கில எழுத்துகளை எழுதினார். அந்தக் கணத்தில் விரலசைவும் குளிர்ந்த நீரும் ஒன்றாயின. சில மணி நேரத்தில் 30 புதிய சொற்களைக் கற்றாள். இக்கதை யாவரும் அறிந்ததே. அதற்கடுத்த சில நாட்களில் நடந்ததைப் பலர் அறியார். நமக்கோ அதுவே பெரிதாகத் தோன்றுகிறது. ஹெலனின் உறவினரின் 15 மாதக் குழந்தை ஒன்றை ஆசிரியை கூர்ந்து கவனித்தார். அதற்குப் பேச வராது. ஆயினும் சொன்னது புரிந்தது. சுற்றியிருப்போர் ஓயாது பேசுவதைக் கேட்டுக் கேட்டே குழந்தை மொழியைப் பெறுகிறது என்று உணர்ந்தார். அன்றுமுதல் மணியடித்துப் பாடம் நடத்துவதை விட்டு, குழந்தையின் காதில் பேசுவதுபோல் ஹெலனின் கையில் முழு வாக்கியங்களாகப் பேசலானார். ஆசிரியைக்கே ஒரு கைக்குழந்தை ஆசிரியை ஆயிற்று!

1890-இல் பாஸ்டன் நகரில் சாரா ஃபுல்லர் அம்மையாரிடம் ஹெலன் வாய்ப்பேச்சுக் கற்றாள். அவர் முகத்தில் கைவைத்து, நாவும் உதடும் இருக்கும் நிலையை விரலால் அறிந்து, தன் வாயிலும் அவ்வாறே அமைத்தாள். முன்பு அழவைத்த அதே முயற்சி இப்போது பலித்தது. என்றாலும் தம் பேச்சு தெளிவாக அமையவில்லையே என்ற வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது.

இத்திறமையே ஒரு பெருந்துன்பத்தையும் கொணர்ந்தது. 11 வயதில் ‘பனி அரசன்’ என்றொரு கதை எழுதி, பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியின் தலைவர் அனக்னோஸுக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பினாள். அது அச்சாகிப் பாராட்டும் பெற்றது. பின்னர், மார்கரெட் கேன்பி எழுதிய கதையொன்றை அது பெரிதும் ஒத்திருப்பது தெரியவந்தது. சில ஆண்டுகளுக்கு முன் யாரோ கையில் எழுதிக் காட்டிய அக்கதை, கேட்ட நினைவே இல்லாமல், அவள் சொல்லாகவே உள்ளத்தில் ஊறியிருந்தது. 1892-இல் எண்மர் குழு, ஆசிரியையை வெளியே அனுப்பிவிட்டு, அச்சிறுமியைத் தனியே விசாரித்தது. நால்வர் அவளை நம்பினர், நால்வர் நம்பவில்லை. அனக்னோஸின் வாக்கே அவளைக் காத்தது. ஒரு குழந்தையை இப்படி நிறுத்தி விசாரித்தது கொடுமை என்றே நாம் நினைக்கிறோம். கேன்பி அம்மையாரோ அவளுக்கு அன்போடு கடிதம் எழுதினார்.

அதன்பின் தாய்க்குக் கடிதம் எழுதும்போதுகூட, இது என் வாக்கியம்தானா, எங்கோ படித்ததா என்ற அச்சம் ஹெலனை வாட்டியது. ஆயினும் எழுதுவதை விடவில்லை. 1904-இல் ராட்கிளிஃப் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1968 ஜூன் 1-ஆம் நாள் மறையும்வரை பல நூல்களைத் தந்தார். 1903-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் ‘பனி அரசன்’ விவகாரத்தை மறைக்காமல், அதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். இரு கதைகளும் அந்நூலின் பிற்பகுதியிலேயே அச்சாகி இருக்கின்றன.